வெள்ளத்தில் மூச்சடக்கும் நெல்!

'ஜீன்' என்ற வார்த்தையைக் கேட்டாலே, "ஐயையோ, அந்த அரிசியே வேணாம்ப்பா!" என்று பதறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பதறுவதற்கு முன்னால் ஒரு நெல்லின் கதையைக் கேளுங்கள்.

வயல் பத்து நாள் தண்ணீரில் முழுகிக் கிடந்தால் என்ன ஆகும்? காற்றைத் தேடி நெற்பயிர் மளமளவென்று உயரப் பார்க்கும். கையிருப்பு மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது பயிர் அழுகியிருக்கும். கடன் வாங்கி நடவு செய்தவர் கதி?

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் இதில் கெட்டிக்காரப் பயிர். வெள்ளம் வந்தால் வளர்ச்சியை நிறுத்தி, மூச்சை அடக்கினாற்போல் சும்மா இருக்கும். வடிந்ததும் துளிர்க்கும். ஆனால் விளைச்சல் குறைவு.

அந்த ரகசியம் சப்1ஏ என்ற மரபணுவில் இருப்பதை 2006-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதை 'ஸ்வர்ணா' நெல்லுக்குக் கொண்டுவந்து, 2009-ல் 'ஸ்வர்ணா சப்-1' இந்தியாவில் வெளியானது. சுமார் இரண்டு வாரம் முழுகினாலும் தாங்கும். நம்ம டெல்டாவிலும் சி.ஆர்.1009 சப்-1 இதே வழியில் வந்ததுதான்.

இதில் வெளி உயிரின் மரபணு எதையும் நுழைக்கவில்லை. மகரந்தம் சேர்க்கிற பழைய முறைதான். பிறந்த நாற்றுகளில் எதில் அந்த மரபணு இருக்கிறது என்று இலையைச் சோதித்துப் பொறுக்குகிறார்கள். அவ்வளவுதான்! 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த இரண்டு நெல் ரகங்கள், மரபணுவையே திருத்தி உருவாக்கியவை. அது வேறு வழி. அதைப்பற்றிக் கேள்வி கேட்பது நியாயம். ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் கவலை வேறு. காற்றில் கரியமில வாயு கூடினால் அரிசியில் புரதம், இரும்பு, துத்தநாகம் குறைவதை ஜப்பான், சீன வயல்களில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே ரத்தசோகையால் வாடும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! மூணு வேளையும் சோறுதான் என்றிருக்கும் வீட்டில் அரிசியின் சத்தும் குறைந்தால்? பயிர் பிழைத்தால் போதுமா, சாப்பிடுகிறவர் தெம்பாக இருக்க வேண்டாமா? புது ரகம் தேடும்போது விளைச்சலோடு சத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று... விளைச்சல் இல்லை என்று அந்த ஒடிசா நெல்லை அன்றே தூக்கிப் போட்டிருந்தால், இன்று சப்1ஏ ஏது? உங்கள் ஊரில் யாராவது ஒரு பிடி பழைய விதை நெல்லைப் பத்திரமாக வைத்திருந்தால், "இதெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!