செத்த மாட்டைப் புதைக்க இடம் எங்கே?



அடைப்பானில் செத்த மாட்டை ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும் என்கிறார்கள். சரிதான். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் கத்தியே வைக்காதீங்க, தோலும் உரிக்காதீங்க. காத்துப் பட்டால் கிருமி வித்தாகி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். மேயுற ஆட்டையும் பிடிக்கும், அறுத்தவனையும் பிடிக்கும்.

ஆனால் அரை ஏக்கர்க்காரன் எங்கே புதைப்பான்? நெல்லு நிக்கிற வயலிலா? என் கறவை செத்தப்போ பொக்லைன் வாடகைக்குக் கடன் வாங்கினேன். மாடும் போச்சு, கடனும் ஆச்சு. 2009 கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அப்புறப்படுத்தும் பொறுப்பை நம் தலையில் வைத்தது. குழிக்கு இடம்?

ஊராட்சிதோறும் ஏரி, கிணற்றுக்குத் தள்ளிப் புறம்போக்கு ஒதுக்கு! பொக்லைனும் சுண்ணாம்பும் அரசே கொடு!

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோம். வீட்டுக்கு ஒருத்தர் வாங்க.