சிரங்கில் தொடங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும் வறுமை

குழந்தைகளைத் தாக்கும் கடும் சிறுநீரக அழற்சி ஏழை நாடுகளின் நோயாகவே நீடிக்கிறது. 2005இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றைத் தொடர்ந்து வரும் இந்நோய்க்கு ஆண்டுதோறும் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆளாகின்றனர்; ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் மடிகின்றனர். இதில் 97 சதவீதம் வளர்ச்சி குன்றிய நாடுகளில் நிகழ்கிறது. பணக்கார நாடுகளில் கிருமி ஒழிந்துவிடவில்லை. வீட்டு வசதியும் தண்ணீரும் மருத்துவமும் மக்களுக்குக் கிடைத்தன, நோய் அரிதானது.

தொண்டைப் புண் வந்த ஓரிரு வாரங்களிலோ, சிரங்குப் புண்ணில் சீழ் பிடித்த மூன்று முதல் ஆறு வாரங்களிலோ குழந்தையின் முகம் வீங்குகிறது. சிறுநீர் தேநீர் நிறமாகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. உரிய நேரத்தில் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைவர். கவனிக்கத் தவறினால் வலிப்பும் மூச்சுத்திணறலும் உயிரைப் பறிக்கும். இதைக் கண்டறியச் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையும், குழந்தையின் கைக்குப் பொருந்தும் இரத்த அழுத்தக் கருவிப் பட்டையும் போதும். இவை ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும்.

2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் சிரங்கும் இடம்பெற்றுள்ளது. ஆனால் பரிசோதனை நடப்பது அங்கன்வாடியிலும் பள்ளியிலும்தான். பெற்றோருடன் செங்கல் சூளைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் இடம்பெயரும் குழந்தை இரண்டிலும் இல்லை. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் அக்குடும்பங்களில்தான் சிரங்கு வேகமாகப் பரவுகிறது.

ஃபிஜித் தீவுகளில் ஊர் முழுவதற்கும் ஐவர்மெக்டின் மாத்திரை வழங்கப்பட்டது. ஓராண்டில் சிரங்கு 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. சீழ்ப்புண்ணும் மூன்றில் இரு பங்கு குறைந்தது. இம்மருந்தை ஏராளமாக உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. மருந்துக்குப் பஞ்சமில்லை, அரசியல் உறுதிக்குத்தான் பஞ்சம்.

2025க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதம் பொது சுகாதாரத்துக்குச் செலவிடப்படும் என 2017 தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியர்கள் இன்றும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்படவில்லை.

சூளைகளுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் நடமாடும் பரிசோதனைக் குழுக்கள், இலவச சிரங்கு மருந்து, போதிய தண்ணீர், ஆஷா ஊழியர்களுக்கு நிரந்தர ஊதியம் ஆகிய கோரிக்கைகளைக் கட்சிக் கிளைகள் கூலி உயர்வுப் போராட்டத்துடன் இணைத்து முன்னெடுக்க வேண்டும். உழைக்கும் மக்களின் குழந்தைகளுடைய உயிரும் வர்க்கப் போராட்டத்தின் களமே.