பழைய தோணிக்கு விலை பேசுதல்

சென்ற கிழமை எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கிராமமொன்றிலே உயர்தர வகுப்பிற் படிக்கும் மாணவர். அவருடைய தமையனார் ஐரோப்பாவிலே தொழில் பார்க்கிறாராம். அங்கே ஒரு துறையில், முப்பதடி நீளமுள்ள பாய்ப்படகொன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்குக் கிடக்கிறதாம். அதை வாங்கித் தாமே ஓட்டிக்கொண்டு வந்து தந்தையாரின் வாசலுக்கு நேரே நிறுத்தவேண்டுமென்பது தமையனாரின் எண்ணம். தந்தையார் கடற்றொழிலாளர். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை அவருடைய வள்ளமொன்றைக் கொண்டுபோயிற்று. 2009 இல், யுத்தத்தின் கடைசி நாட்களில், மற்றொன்றைக் கரையிலே விட்டுவிட்டு வந்தார். இப்பொழுது பிறருடைய படகிற் கூலிக்குப் போகிறார். செய்தியைக் கேட்டு அம்மா அழுகிறாராம். ஐயா ஒன்றும் பேசாமல் இருக்கிறாராம். இது நடக்கக்கூடிய காரியந்தானா என்று மாணவர் கேட்டிருந்தார்.

கடிதத்தை வீட்டிலே வாசித்தபோது எமது இல்லாள் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. அதற்கொரு காரணமுண்டு, பின்னர் சொல்வோம்.

நடக்குமா என்று கேட்டால், நடந்ததொன்றை முதலிலே சொல்லுதல் முறை. அந்நிய தேசத்திற் பழைய பாய்க்கப்பல் வாங்குதல் எமது வடகரைக்குப் புதிய செய்தியன்று. ஆனால் வாங்கியவர் நம்மவரல்லர், விற்றவரே நம்மவர். வல்வெட்டித்துறையிலே வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலைப்பற்றிப் பெரியோர் பலர் அறிவர். நீளம் 89 அடி. அகலம் 19 அடி. வல்வைக் கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசி ஏற்றிவந்த காலம் அது. 1930களில் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார்.

இந்த றொபின்சன் கடலை அறியாத செல்வந்தரல்லர். 1928 தொடக்கம் 1931 வரை, முப்பத்திரண்டடிச் சிறு படகொன்றிலே உலகத்தைச் சுற்றிவந்தவர். அப்படிப்பட்டவர் தம் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கினார் என்பதே கப்பலைக் கட்டிய மேத்திரியாருக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம். வாங்கியவர் செய்த முதற்காரியம், அன்னபூரணி என்ற பெயரை அழித்து, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று தம் மனைவியாரின் பெயரை எழுதுவித்தது. உலகத்துக்கெல்லாம் அன்னமிடும் அம்மையின் பெயரை நீக்கலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். இப்பகுதியை மனைவிமாரும் வாசிப்பதால் இதைப்பற்றி மேலும் ஒன்றுஞ் சொல்லாதிருத்தல் நலம்.

கப்பல் செங்கடலைக் கடந்து, சுயஸ் கால்வாயினூடாக மத்தியதரைக் கடலுட் புகுந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி, 1938 ஓகஸ்டில் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றோருள் வல்வெட்டித்துறைத் தமிழரும் இருந்தனர். அவர்கள் அங்கே போய் இறங்கியபோது குளொஸ்டர் மீனவர் எவ்வளவு வியப்புடன் பார்த்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. பாயினாலே பிழைத்த ஊர் அது; மரத்தைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லக்கூடியவர்கள் அங்கே நிறைய இருந்திருப்பார்கள்.

அதே குளொஸ்டர் துறைக்கு 1895 இல் இன்னொரு பழைய படகு வந்து தங்கிப் போயிற்று. அதன் பெயர் ஸ்பிறே. அதிலிருந்தவர் யோசுவா சுலோக்கம் என்னும் கப்பற்றலைவர். தன்னந்தனியே பாய்விரித்து உலகத்தை முதன்முதற் சுற்றியவர் அவரே. பழைய படகு வாங்க விரும்புவோர் அவர் கதையைப் படிக்காதிருப்பதில்லை. படித்தபின் வாங்காதிருப்பதும் அரிது. அங்கேதான் அபாயம் இருக்கிறது. 1892 இல் நண்பரொருவர் அவருக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், வயலொன்றிலே முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, உக்கிக் கிடந்த ஒரு கிழட்டுத் தோணி! விலை ஒன்றுமில்லை, இனாம். சுலோக்கம் அயலிலே கருவாலி மரம் தறித்து, ஏராவிலிருந்து தொடங்கி, பலகை பலகையாக மாற்றிக் கட்டினார். செலவு 553 டொலர் 62 சதம். சென்ற காலம் 13 மாதம். வழியிலே நேரம் பார்ப்பதற்கு ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டொலர், முகக்கண்ணாடி உடைந்திருந்தபடியால் ஒரு டொலருக்குக் கிடைத்தது. உலகத்தைச் சுற்றி முடித்து 1898 இல் அவர் திரும்பி வந்தார்.

வாசிப்போர் அந்த இனாமை மறப்பதில்லை; தகரக் கடிகாரத்தையும் மறப்பதில்லை; 13 மாதத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் இளமை முதற் கடலிலே கிடந்தவர்; தாமே கப்பல் கட்டத் தெரிந்தவர். அந்தக் கைகளுக்கு 553 டொலரிலே கூலி போடப்படவில்லை. அப்படிப்பட்டவரும், ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் அதே ஸ்பிறேயிலே தனியே புறப்பட்டுச் சென்றார். மீண்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இனி, முப்பதடிப் பாய்ப்படகு மோட்டார் சைக்கிளின் விலைக்கு ஏன் கிடைக்கிறது? மேனாடுகளிலே 1960களுக்குப் பின் உல்லாசப் படகுகளைக் கண்ணாடிநார்ப் பிளாஸ்டிக்கினாற் செய்யத் தொடங்கினார்கள். நமது கரைகளிலே ‘பைபர் வள்ளம்’ என்று சொல்லுகிறோமே, அதே பொருள். மரம் உக்கும், இது உக்குவதில்லை. ஆகையால் வாங்கியவர் முதுமையடைந்து கடலுக்குப் போகமாட்டாத காலத்திலும் படகு கிடக்கிறது. சும்மா கிடப்பதில்லை, துறையிலே கட்டிவைப்பதற்கு அடிக்கணக்கிலே மாதாமாதம் வாடகை கேட்கிறது. உடைத்து எறிவதற்கும் பணம் வேண்டும். பழைய உல்லாசப் படகுகளை உடைத்து அழிப்பதற்கென்றே பிரான்சில் 2019 முதல் ஓர் ஏற்பாடு நடைபெறுகிறது. எனவே மலிவாகக் கொடுப்பவர் தர்மம் செய்கிறார் என்று எண்ணலாகாது. தம் தலையிலிருந்த சுமையை வாங்குகிறவர் தலைக்கு மாற்றுகிறார், அவ்வளவே.

இப்பொழுது, நாம் சிரிக்காத காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எமது தங்கையின் கணவர் ஒரு பழைய பைபர் வள்ளம் வாங்கப் புறப்பட்டார். எம்மையும் அழைத்துச் சென்றார். நாம் கிளிநொச்சியிலே நெல்லையும் மாட்டையும் அறிந்தவர், வள்ளத்தை அறியோம். எனினும், அழைத்த இடத்திலே அறியோமென்று சொல்லுவதற்கு யாருக்கு மனம் வரும்? வள்ளம் புதுச் சாயம் பூசிப் பளபளவென்று இருந்தது. “நல்ல வள்ளம்” என்று சொன்னவர் நாமே. எஞ்சின் மாட்டும் பின்பலகை, இரு பக்கமும் கண்ணாடிநார் போர்த்த ஒட்டுப்பலகை. உள்ளே நீர் ஊறி, பலகை நனைந்த பாணைப்போல் இருந்தது எவருக்குந் தெரியாது, சாயம் மூடியிருந்தது. மூன்றாம் நாள், கரை கண்ணுக்கு மறைந்த தூரத்திலே, பலகை கிழிந்து எஞ்சின் கடலிலே விழுந்தது. வேறொரு வள்ளம் கண்டு கட்டியிழுத்து வந்தபடியால் மைத்துனர் உயிர் பிழைத்தார். வள்ளத்துக்காக அடகு வைத்த தங்கையின் காப்புகள் திரும்பி வரவில்லை. அவள் இன்றுவரை எம்மை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நினைவிலிராது.

ஆதலால் தமையனாருக்கு நாம் சொல்வது கற்றவன் சொல்வதன்று, பட்டவன் சொல்வது. பிறகு விசாரித்து அறிந்தவையும் சில உண்டு.

வன்னியிலே மாடு வாங்குகிறவன் சுழி பார்க்கிறான்; பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; நடக்கவிட்டுப் பார்க்கிறான். விற்பவனின் மைத்துனனிடம் மட்டும் அபிப்பிராயம் கேட்பதில்லை. படகும் அப்படியே. அந்நாடுகளிலே படகைச் சோதித்துச் சொல்வதையே தொழிலாக உடைய பரிசோதகர் இருக்கிறார்கள். அவரை வாங்குகிறவரே தேடிக் கூலி கொடுத்து அமர்த்தவேண்டும். விற்பவரோ தரகரோ காட்டுகிற ஆளை அன்று. படகை நீரிலிருந்து தூக்கிவைத்தே பார்க்கவேண்டும். பரிசோதகர் சிறு சுத்தியலால் உடலெங்கும் தட்டிக்கொண்டு போவார். நல்ல இடம் கணீரென்று சொல்லும். நீர் ஊறிய இடம் பொத்தென்று சொல்லும். எமது மைத்துனரின் வள்ளத்தின் பின்பலகையை ஒருவர் ஒரே ஒரு தரம் தட்டியிருந்தால்! அடிப்புறத்திலே தோலிற் கொப்புளம் போட்டதுபோல் இருந்தால், கண்ணாடிநாருக்குள் நீர் புகுந்திருக்கிறது என்பது பொருள். மரப்படகாயின் கத்திமுனையாற் குத்திப் பார்ப்பார்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளே அடுத்த சங்கதி. துருவில்லாமல் மின்னும், உள்ளே வெடித்திருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு கடந்தால் மாற்றிவிடவேண்டுமென்பது கடலோடிகளின் வழக்கம். அடியிலே தொங்கும் பாரத்தைப் பிடித்திருக்கும் இரும்பாணிகள், பாய்களின் தையல், எஞ்சின் ஆகியவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், செப்பனிடுஞ் செலவு படகின் விலையைப் பன்மடங்கு தாண்டும். பத்திரங்களும் அப்படியே. விற்பவர்தான் உடையவரா, படகின்மேற் கடன் உண்டா, துறைவாடகை பாக்கி உண்டா, வரி கட்டியதற்குச் சாட்சி எங்கே என்பனவற்றைக் கேட்காமற் பணத்தை எண்ணலாகாது.

பழைய படகே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ‘கோல்டன் குளோப்’ என்னும் உலகஞ் சுற்றும் போட்டியிலே, 1988க்கு முன் வரைந்த அமைப்புடைய படகுகளுக்கே இடமுண்டு. 2018 இல் அப்போட்டியிற் புயலிலே படகு புரண்டு முதுகெலும்பு முறிந்த இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் தோமி, அடுத்த போட்டியிற் ‘பயானத்’ என்னும் முப்பத்தாறடிப் படகிலே மறுபடியும் புறப்பட்டு, 2023 ஏப்பிரலில் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். படகு பழமையான அமைப்புடையது. ஆனால் ஓட்டியவர் பழகியவர். தமையனாரோ, மாணவர் எழுதியபடி, பாயை ஒருமுறையேனும் ஏற்றி இறக்கியவரல்லர்.

அம்மாவின் அழுகைக்கும் நியாயமுண்டு. 2022 நவம்பரிலே, முந்நூற்றுக்கு மேற்பட்ட இலங்கையரை ஏற்றிய பழங்கப்பலொன்று வியட்நாமுக்கு அப்பாற் கடலிலே தத்தளிக்க, ஜப்பானியக் கப்பலொன்று அவர்களைக் காப்பாற்றியது. அந்த நாட்களிலே நமது ஊர்களில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை! தமையனார் வரும் வழியும் எளியதன்று. அரபிக்கடலிலே 2011 இல் நான்கு அமெரிக்கர், தமது பாய்ப்படகிலே கடற்கொள்ளையராற் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். 2023 இன் இறுதியிலிருந்து செங்கடலிலே பெருங்கப்பல்களே தாக்கப்பட்டன. அரபிக்கடலிலே தென்மேற்குப் பருவக்காற்று ஆனி முதல் ஆவணி வரை பேய்போல் வீசும். வடகீழ்ப் பருவத்திலோ கிழக்கே வருபவனுக்கு எதிர்க்காற்று.

இவ்வளவும் கடந்து வந்தாலும், வந்து சேருமிடம் ஒன்றிருக்கிறதே! முல்லைத்தீவுக் கரையிலே துறைமுகம் இல்லை. அலை உடைந்து விழும் மணற்கரை. வள்ளத்தை மணலிலே ஏற்றி இழுத்துவைப்பதே வழக்கம். பாய்ப்படகின் அடியிலே தொங்கும் பாரம் நீருக்குள் ஐந்தடிவரை இறங்கும். அதை மணலில் ஏற்றினாற் பக்கவாட்டிலே சரிந்து விழும். வெளியே நங்கூரமிட்டால், கார்த்திகைக் காற்று ஒரே இரவிலே கரைக்குக் கொண்டுவந்து உடைத்துவிடும்.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதினோம். தமையனார் ஒரு கோடைகாலமாவது பிறர் படகிலே ஏறிப் பழகட்டும்; அதன் பின்னும் ஆசை தீராவிட்டால் வாங்கி அங்கேயே ஓட்டட்டும். ஐயாவுக்கு வள்ளம் வேண்டுமென்றால், இந்தக் கரைக்கென்று இங்கே செய்யப்பட்ட ஒன்றுக்குப் பணம் அனுப்பட்டும். விலை பேசப் போகும்போது சாயத்தைப் பார்ப்பவரை அழைத்துச் செல்லாமற் சுத்தியலாற் தட்டத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள் என்றும் எழுதினோம்.

நேற்று மறுமொழி வந்தது. கடிதத்தை மாணவர் வீட்டிலே உரக்க வாசித்தாராம். அம்மாவுக்கு ஆறுதலாம். ஐயா மட்டும், அந்தப் பாரம் எத்தனை அடி இறங்கும் என்று எழுதியிருக்கிறார் என்று மறுபடி கேட்டாராம். ஐந்தடி என்றதும் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியென்றால் திருகோணமலையிலேதான் கட்டவேண்டும்” என்றாராம்.