கத்தி பாதி, கனிவு மீதி!

மூளையில் இருந்த கட்டியை டாக்டர் எடுத்து விட்டார். "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்றும் சொல்லி விட்டார். வீட்டாருக்கு உயிர் வந்தது.

மறுநாள் பெரியவர் கண் விழிக்கிறார். பெற்ற மகனைப் பார்த்து, "நீ யார்?" என்கிறார். ராத்திரியில், "கடையைத் திறக்க வேண்டும்" என்று கட்டிலை விட்டு இறங்குகிறார். கையில் ஏறும் மருந்துக் குழாயைப் பிடுங்குகிறார்.

"ஐயோ, அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்து விட்டதே!" என்று மகன் அழுகிறான்.

இது பைத்தியம் அல்ல. பேயும் அல்ல!

ஏன் இப்படி?

ஆபரேஷன் செய்த இடத்தில் மூளை சில நாள் வீங்கி இருக்கும். வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் 'ஸ்டீராய்டு' மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தை மூட்டும். வலியும், புது இடமும், ராத்திரியும் அணையாத விளக்கும் சேர்ந்து மனதைக் குழப்பும். பலருக்கு இந்தக் குழப்பம் சில நாளில் தெளிந்து விடும்.

கட்டி இருந்த இடமும் ஒரு காரணம். நெற்றிப் பக்கம் என்றால், சாதுவான மனிதர் முன்கோபி ஆகலாம். இடது பக்கம் என்றால், பேச்சு தடுமாறலாம். "தண்ணீர்" கேட்க நினைத்து, "செருப்பு" என்பார். அறிவு உள்ளே இருக்கிறது. வார்த்தைதான் வர மறுக்கிறது.

நர்சின் மருந்து

1884-ல் லண்டனில் ரிக்மன் காட்லி என்ற டாக்டர் மூளைக் கட்டியை எடுத்தார். நோயாளி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னையில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளை ஆபரேஷன் பிரிவுகளைத் தொடங்கினார்கள். கத்தி எவ்வளவோ முன்னேறி விட்டது. மனதைத் தேற்றுவது அந்த அளவு முன்னேறியதா?

நல்ல நர்சு என்ன செய்கிறார்? "ஐயா, இது ஆஸ்பத்திரி. இன்று செவ்வாய்க்கிழமை. உங்கள் மகன் பக்கத்தில்தான் இருக்கிறார்" என்று பொறுமையாகச் சொல்கிறார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். பகலில் ஜன்னலைத் திறக்கிறார். ராத்திரியில் சத்தத்தைக் குறைக்கிறார். பேச வராதவரிடம், "தண்ணீர் வேண்டுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தலையசைத்தால் போதும். மொட்டைத் தலையைக் கண்டு கூசும் பெண்ணுக்கு, "முடி வளர்ந்து விடும், அம்மா" என்று தைரியம் சொல்கிறார்.

இதற்கு விலை உயர்ந்த மெஷின் வேண்டாம். நேரம் வேண்டும். அந்த நேரம்தான் நர்சுக்கு இல்லை! போட்ட ஊசிக்குக் கணக்கு உண்டு. பேசிய பத்து நிமிஷத்துக்குக் கணக்கு இல்லை. அதையும் வேலையாகக் கணக்கிட வேண்டும். போதிய நர்சுகளைப் போட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரை உட்கார வைத்து, "இப்படியெல்லாம் நடக்கலாம், பயப்படாதீர்கள்" என்று சொல்ல வேண்டும்.

வீட்டில்...

வீடு திரும்பியதும் நீங்கள்தான் நர்சு! அவர் எதிரிலேயே, "முன்பு மாதிரி இல்லை" என்று பேசாதீர்கள். கேலி செய்யாதீர்கள். ஓயாமல் அழுதாலோ, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு.

தலைவலி கூடினாலும், வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், மயக்கம்போல் தூங்கினாலும், குழப்பம் திடீரென்று அதிகமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர் கட்டியை எடுத்துக் கொடுத்தார். மனிதரை மீட்டுக் கொடுப்பது அன்பான வார்த்தைதான்!