காலிக் கட்டத்தில் சிக்கும் ரோபோ

ஈப்போ, புந்தோங்கில் கச்சாங் பூத்தே வியாபாரம் செய்யும் என் சித்தி, போன தீபாவளிக்கு ஒரு ஆர்டரைத் தவறவிட்டார். நாற்பது பாக்கெட் முறுக்கு. கேட்டவர், சித்தியோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்த தோழி. தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கமாய்ப் போனவர்கள். "உன் கைமுறுக்கு சாப்பிட்டு முப்பது வருஷமாச்சு" என்று சித்தியின் இணையத்தளப் படிவத்தில் எழுதியிருக்கிறார். சித்தி அதைப் படித்தது பொங்கல் கழித்து.

காரணம், குப்பை. 'கூகுளில் உங்களை முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்' என்ற விளம்பரங்கள், ரஷ்ய எழுத்தில் ஏதேதோ. நடுவில் தோழியின் நான்கு வரி.

"எம்மேல யாருக்குப்பா இவ்வளவு பகை?" என்றார் சித்தி. யாருக்கும் இல்லை. படிவம் எங்கே கிடைத்தாலும் நிரப்பி அனுப்பும் மென்பொருளின் வேலை இது. அந்தக் காலத்தில் லயத்துக்கு சைக்கிளில் வரும் துணிக்காரராவது, கதவு சாத்தியிருந்தால் போய்விடுவார்.

முதலில் எனக்குத் தோன்றியது கேப்சா. 2000 வாக்கில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. வந்திருப்பது ஆளா, எந்திரமா என்று சோதிக்கும். அதன் அடுத்த வடிவமான ரீகேப்சாவை 2009-இல் கூகுள் வாங்கியது. நாம் தட்டிய கோணல் எழுத்துகளைக் கொண்டு பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஓசியில் வேலை வாங்கியிருக்கிறார்கள், பாருங்கள்! ஆனால் சித்தியின் வாடிக்கையாளர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். 'சாலை விளக்குள்ள படங்களைத் தொடவும்' என்றால் கைப்பேசியை மூடிவிடுவார்கள்.

கடைசியில் கைகொடுத்தது 'ஹனிபாட்'. பெயர், தொலைபேசி எண், செய்தி ஆகிய கட்டங்களோடு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டமும் படிவத்தில் இருக்கும். மனிதர் பார்க்க முடியாததால் அது காலியாகவே வரும். ரோபோ பக்கத்தின் நிரலைப் படிப்பதால் அதையும் நிரப்பிவிடும். நிரம்பியிருந்தால் குப்பை. திறந்த இரண்டே விநாடியில் வந்து சேரும் படிவத்தையும் சந்தேகிக்கலாம். யாரும் அவ்வளவு வேகமாகத் தட்டுவதில்லை.

தளம் செய்து கொடுத்தவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். கைப்பேசியே தானாக முகவரி நிரப்பும் வசதி, மறைந்த கட்டத்தையும் நிரப்பிவிடலாம். அந்தக் கட்டத்துக்கு அதை அடைக்க வேண்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதை வாசிக்காதபடியும் செய்ய வேண்டும். சிக்கியதை உடனே அழிக்காமல், தனியாகச் சேர்த்து வாரம் ஒருமுறை கண்ணோட்டம் விடுவது என் கட்சி. தோழியின் கடிதம் அதில் இருந்துவிட்டால்?

சித்தி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். "மறந்துட்டேன்னு நினைச்சேன்" என்றாராம் தோழி. மறுவாரமே நாற்பது பாக்கெட்டோடு சுங்கை சிப்புட்டுக்குப் போய் வந்தார்கள், காசு வாங்கவில்லை. இப்போது படிவத்துக்கு மேலே தொலைபேசி எண் பெரிதாக இருக்கிறது. அது சித்தியின் யோசனை.