கல்லில் மகிமை ஏது?

முதலியார்பேட்டையில் மில் வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு தோழர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். அது வடக்கே மலையில் அகப்பட்ட யுரேனியக் கல்லாம். அதன் சக்தியை ரிஷிகள் அன்றே அறிந்திருந்தார்களாம். இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினால் வெளிநாட்டான் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிக்கொள்வானாம்! மகள் கலியாணத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தைக் கொடுப்பதா, வேண்டாமா என்பதே அவருடைய கேள்வி. கோயில் கலசத்தில் இருடியம் இருக்கிறதென்று சொல்லி ஊரை ஏய்த்த கூட்டம் இப்போது கல்லைக் கையிலெடுத்திருக்கிறது. ஆகவே இதைப்பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியவர்களாயிருக்கிறோம்.

கல்லில் யுரேனியம் இருக்குமா என்றால், தாராளமாக இருக்கலாம். ஷேல் என்னும் களிப்பாறை பழைய கடலின் அடிச்சேறு இறுகி உண்டானது. கடல்நீரில் டன்னுக்குச் சுமார் 3 மில்லிகிராம் யுரேனியம் கரைந்திருக்கிறது. செத்த பாசிகள் அழுகிப் பிராணவாயு அற்றுப்போன சேற்றில் அது கரையாத பொருளாக மாறிப் படிந்துவிடுகிறது. கறுப்பு ஷேலின் ரகசியம் இவ்வளவே; இதில் எந்த ரிஷிக்கும் பங்கில்லை. டேராடூன் பக்கத்து முசூரி மலையில் கறுப்பு ஷேலும் பாஸ்பேட்டுப் பாறையும் கலந்த அடுக்குகளில் யுரேனியம் உண்டென்று அணுக் கனிம இலாகாவார் கண்டிருக்கிறார்கள். அங்கே எருவுக்காகப் பாஸ்பேட்டுத் தோண்டினார்களேயன்றி, யுரேனியச் சுரங்கம் ஏற்படவில்லை. ஏன்? இருப்பது கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்று கணக்குப் பார்ப்போம். சாதாரண ஷேலில் டன்னுக்கு 3, 4 கிராம். ஸ்வீடன் தேசத்து ரான்ஸ்டாடில் டன்னுக்குச் சுமார் 300 கிராம் இருந்தது. அதையே 1965 முதல் 1969 வரை தோண்டிப் பார்த்து, கட்டுப்படியாகாமல் மூடினார்கள். அந்த ஸ்வீடன் கல்லே ஒரு கிலோ நம் தோழர் கையில் இருந்தாலும், அதிலுள்ள யுரேனியம் 0.3 கிராம். அது பத்து ரூபாய் பெறாது! பிரித்தெடுக்கும் செலவோ அதைப்போல் பல மடங்கு. போதாக்குறைக்கு, அனுமதியின்றி இதை வியாபாரம் செய்வது குற்றம். பத்து ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சமும் சிறைவாசமுமா?

ரிஷிகள் அறிந்தார்கள் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். யுரேனஸ் என்ற கிரகத்தை ஹெர்ஷல் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் கண்டது 1781-இல். கிளாப்ராத் 1789-இல் புது உலோகத்துக்கு அதன் பெயரையே வைத்தார். அது கதிர் வீசுவதைப் பெக்கரல் கண்டது 1896-இல். நவக்கிரகத்தைச் சுற்றிவந்த நம் பஞ்சாங்கக்காரர் ஒருவராவது அந்தக் கிரகத்தை முன்கூட்டிச் சொன்னதுண்டா? கிரகத்தையே காணாதவர்கள் அதன் பெயர்கொண்ட உலோகத்தின் சக்தியை எப்படிக் கண்டார்கள் என்று கேட்கிறோம்.

மேல்நாட்டிலும் இந்த மோசடி இல்லாமலில்லை. சக்தி தரும் பதக்கமென்று விற்கப்பட்ட சில சாமான்கள் கதிர் வீசுகின்றன, அணியாதீர்கள் என்று நெதர்லாந்து அதிகாரிகள் 2021-இல் ஜனங்களை எச்சரித்தார்கள்.

அதற்காக, யுரேனியம் என்ற பெயரைக் கேட்டதும் பேயைக் கண்டதுபோல் ஓடவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. அது நம் வீட்டுச் செங்கல்லிலும் அணுவளவு இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் வேறு. டன் டன்னாகத் தோண்டி அரைத்துக் கழிவைக் கொட்டும் ஜாதுகுடா போன்ற ஊர்களில், தூசியையும் தண்ணீரையும்பற்றிக் கேள்வி கேட்பவர்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஆதிவாசிகள். அவர்களுக்கு வேண்டியது சாந்தி ஹோமமா? அல்லது தண்ணீரை அளந்து, அந்த அளவை அவர்கள் பாஷையில் ஊரறியச் சொல்வதா? 1962-ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டம் விஷயங்களை மறைக்க சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. மறைத்துவைத்த இடத்தில்தான் வதந்தி முளைக்கிறது. வதந்தி முளைத்த இடத்தில்தான் மோசக்காரன் கடை விரிக்கிறான்.

தோழர் கல்லை நம் மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். பணம் அவரிடமே இருக்கிறது. இனி யாராவது உங்களிடம் மகிமையுள்ள கல் என்று நீட்டினால், கும்பிடவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். "டன்னுக்கு எத்தனை கிராம்? அளந்தவர் யார்?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விக்கு நிற்காத கல், தெருவில் கிடக்கும் ஜல்லிதான்.