மொட்டு என்றால் பாஸா, ஃபெயிலா?

எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மாவுக்குத் துணையாக, பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அவர் மகன் மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, "தமிழ்ல மலருக்கு வந்துட்டான். கணக்குலதான் இன்னும் மொட்டுல நிக்கிறான்" என்றார். அந்த அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "மொட்டுன்னா பாஸா ஃபெயிலா டீச்சர்?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லம்மா. கழித்தல்ல கடன் வாங்கத் தெரியல. குச்சிக்கட்டு வெச்சு சொல்லித் தரப்போறேன், ரெண்டு வாரத்துல வந்துருவான்."

வெளியே வந்ததும் அந்த அம்மா சொன்னது: "என்னமோ சொல்றாங்க சார். ஃபெயிலுன்னு சொல்லியிருந்தாலாச்சும் வீட்டுக்குப் போயி நாலு சாத்து சாத்தலாம்."

அவருடைய குழப்பத்தில் தப்பில்லை. அதே குழப்பம் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தீர்ப்பாக மாறி உலவுவதுதான் சிக்கல். அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் மனப்பாடம்: எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ், அதனால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, பழையபடி பரீட்சை வைத்து ஃபெயிலாக்கினால் எல்லாம் சரியாகிவிடும்.

முதலில் அந்த 'ஆல் பாஸ்'. சட்டத்தில் இப்படி ஒரு சொல்லே கிடையாது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றது. பாஸ் என்றால் பாடம் வந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி வைக்காதே என்றால், பாடம் வந்ததோ வரவில்லையோ அவன் வயதுப் பிள்ளைகளோடு உட்காரட்டும், வராததைச் சொல்லிக்கொடுப்பது உன் பொறுப்பு என்று பொருள். முதலாவது மாணவனுக்குத் தரும் சான்றிதழ். இரண்டாவது பள்ளிக்கு இட்ட கட்டளை. கட்டளையைச் சான்றிதழாக்கியது நம் பேச்சுவழக்குதான். 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே அறிவிப்பில் தேர்ச்சி பெற்றபோது 'ஆல் பாஸ்' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. அது பேரிடர்க் கால ஏற்பாடு. அதையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

அந்தப் பிரிவு அரசுப் பள்ளிக்கு மட்டும் எழுதப்பட்டதும் இல்லை. டை கட்டி வேனில் போகும் மெட்ரிக் பள்ளிக் குழந்தையும் அதே பிரிவின் கீழ்தான் வகுப்பு ஏறியது. வாசலில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டி, பப்ளிக்கில் பாதிப் பேர் நுழைய முடியாத கட்டணம் வாங்கும் பள்ளிக்கும் இதே சட்டம்தான். தரக்குறைவுக்கு 16-வது பிரிவுதான் காரணம் என்றால், அது அங்கே மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?

நாடாளுமன்றம் 2019-ல் இந்தப் பிரிவைத் தளர்த்தியது. 5, 8 வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு வைக்க வேண்டும். தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யலாம். தமிழ்நாடு அதே ஆண்டு இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் விதியைக் கொண்டுவந்தபோதும், தமிழ்நாடு பழைய நிலையிலேயே நின்றது. 'நிறுத்தி வைக்கலாம்' என்று திருத்திய சட்டம்கூட அதற்கு முன்னால் 'கூடுதல் பயிற்சி' என்று ஒரு படி வைத்திருக்கிறது. டீக்கடை வாதத்தில் அந்தப் படி மட்டும் எப்போதும் விழுங்கப்பட்டுவிடும்.

அடுத்தது, தேர்வே இல்லை என்பது. இதைச் சொல்பவர்கள் அண்மையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம். 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். முன்னது பாடம் நடக்கும்போதே செய்முறை, சிறுதேர்வு என்று பார்ப்பது; பின்னது பருவம் முடிந்ததும் எழுதும் பரீட்சை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். 2025 பிப்ரவரியில் மாநில அளவிலான அடைவுத் தேர்வை 3, 5, 8 வகுப்புகளுக்கு நடத்தினார்கள். இவற்றுக்கு மேல் செயலியில் வரும் வினாக்கள். இன்றைய ஆசிரியரின் புலம்பல் தேர்வு போதவில்லை என்பதல்ல. தேர்வு வைத்து, திருத்தி, எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றி முடிப்பதற்குள் பாடம் நடத்த நேரமில்லை என்பதுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வளரறி 40 மதிப்பெண் பல பள்ளிகளில் கேலிக்கூத்தானது. வகுப்பில் எல்லாருக்கும் 36, 38 என்று வரிசையாகப் போட்டு நோட்டை மூடினார்கள். கடையில் வாங்கிய ஒப்படைவு அட்டைகளுக்கெல்லாம் மதிப்பெண் விழுந்தது. 'தேர்வு இல்லை' என்பவர்கள் 'தேர்வு பொய்யாகிவிட்டது' என்று சொல்வார்களேயானால் நானும் அவர்கள் பக்கம் நிற்பேன்.

மூன்றாவதாக, 'ஏசர் ரிப்போர்ட்டே சொல்லிவிட்டது' என்பார்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அந்தக் கணக்கெடுப்பு பள்ளித் தேர்வே அல்ல. தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய், குழந்தையைத் திண்ணையில் உட்கார வைத்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை என்று ஒவ்வொன்றாகக் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிக் குழந்தை, தனியார் பள்ளிக் குழந்தை இருவரும் அதில் உண்டு. தேசிய அடைவுத் தேர்வு வேறு வகை: பள்ளிக்குள், கொள்குறி வினாவுக்கு விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்குவது. இரண்டும் மாதிரிக் கணக்கு; எந்தப் பிள்ளைக்கும் தனியாக மதிப்பெண் வராது. ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணிப் பார்ப்பது போன்றவை இவை. எண்ணிக்கையைப் பார்த்து மருந்து கேட்க வேண்டியவர்கள், காய்ச்சல் வந்தவனை வீட்டுக்கு அனுப்பு என்கிறார்கள்.

இப்போது மையமான வாதத்துக்கு வருவோம். எங்கள் காலத்தில் ஃபெயிலாக்கினார்கள், பயந்து படித்தோம்.

யார் இதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஃபெயிலாகாதவர்கள். நான் படித்தது சாத்தூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவான். எழுதியதைப் படி என்றால் வராது. படம் வரைகிற மாதிரி எழுத்தை வரைந்திருக்கிறான் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு வாத்தியாருக்கும் புரியவில்லை. ஃபெயில் போட்டார்கள். மறுவருஷம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதே வாத்தியார் முன் உட்கார்ந்தான். பலகையைப் பார்த்து இன்னும் அழகாக எழுதினான். மறுபடி ஃபெயில். அடுத்த ஜூனில் அவன் வரவில்லை. விடியற்காலை தீப்பெட்டி ஆபீஸ் வேனில் அவனைப் பார்த்ததாகப் பையன்கள் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டோடு பள்ளியின் தேர்ச்சி விகிதமும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

இப்படிக் கோடு விழுந்தவர்கள் யாரும் 'எங்கள் காலத்தில்' என்று கட்டுரை எழுதுவதில்லை. எஞ்சியவர்கள் நினைவை வைத்து அந்தக் கால வகுப்பின் தரத்தை அளக்கிறோம். தோற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணினால் எந்தக் காலத்துத் தரமும் உயர்வாகத்தான் தெரியும்.

பயம் படிப்பைத் தராதா என்றால், கொஞ்சம் தரும்; படிக்கத் தெரிந்து சோம்பலாயிருப்பவனுக்கு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவனுக்குப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் சிக்கல் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை, இரண்டாம் வகுப்பில் விட்டுப்போன ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை நடத்தினால் அந்த ஓட்டை அடைபடாது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து உட்கார வைப்பது இதற்காகத்தான். அந்த அம்மாவின் மகன் நிற்பது மொட்டில் என்றால், அவனுக்கு என்ன தெரியவில்லை என்று டீச்சருக்குத் தெரியும். ஃபெயில் என்ற சொல் அந்தத் தகவலைத் தந்ததே இல்லை.

இப்படிப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது கண்துடைப்பு என்பவர்களுக்கு ஓர் ஆய்வு உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றலைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகியோர் அளந்தார்கள். 2021 டிசம்பரில் பெரிய சரிவு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகள் காரணம் என்று கணக்கிட்டார்கள். தெருவிலேயே இருக்கும் ஒரு தன்னார்வலர் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பாயை விரித்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததன் பலன் அது. யாரையும் யாரும் ஃபெயிலாக்கவில்லை.

திட்டங்களில் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. 60 குழந்தைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் தருவது இரண்டு ஆசிரியர்கள்தான். வகுப்பு ஐந்து. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் மூன்று நிலைகளையும் கட்டி மேய்க்க வேண்டும். தரம் ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் நின்று கேட்டால் பதில் கிடைக்கும். ஆனால் இதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஃபெயிலாக்குவதற்குச் சிவப்புப் பேனா போதும்.

என் பழைய வகுப்புத் தோழன் இன்றைக்குப் பிள்ளையாக இருந்தால் அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று யாராவது பார்த்திருக்க வாய்ப்புண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. வட்டார வளமையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். பல வீடுகளுக்கு இது தெரியாது. பள்ளியிலோ 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் பசித்தவன், பார்வை மங்கியவன், நேற்றுவரை வேறு ஊரில் இருந்தவன், எழுத்துகள் குழம்புகிறவன் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஃபெயில் என்பதைவிட மரியாதையான சொல்தான், ஆனால் அதைப் போலவே ஒன்றையும் சொல்லாத சொல். அந்தச் சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளமோ ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை நம்பியிருக்கிறது. 2024-25-ல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தி வைத்த ரூ.2,150 கோடிக்கும் மேலான தொகை அந்தக் கணக்கில் வர வேண்டியதுதான்.

இந்த வாதங்களோடு ஒட்டிக்கொண்டு வரும் 'இலவசம் கொடுத்துக் கெடுத்தார்கள்' என்ற புகாருக்கு அதிக இடம் தர விருப்பமில்லை. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அன்றைய மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சோறு போடத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கும் புகார் இது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் பொங்கலும் தின்றுவிட்டு முதல் பாடவேளையில் உட்காரும் பிள்ளை, வெறும் வயிற்றில் உட்காருவதைவிட மோசமாகப் படிக்கும் என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

எதிர்த்தரப்பில் எனக்குப் பட்ட ஒரே வலுவான குரல் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருடையது. 16-வது பிரிவின் காவல் எட்டோடு முடிகிறது. அதுவரை யாரும் கவனிக்காமல் ஏற்றி அனுப்பிய பிள்ளை, வாசிக்கத் தெரியாமல் அவர் மேசை முன் வந்து நிற்கிறது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு; அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25; தலைமையாசிரியருக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டிய நெருக்கடி. ஆகவே ஒன்பதிலேயே வடிகட்டுகிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிட்டுப் போயி டியூட்டோரியல்ல சேத்துருங்க" என்று பதமாகச் சொல்லும் பள்ளிகள் உண்டு. அந்த ஆசிரியர், "கீழேயே ஃபெயிலாக்கியிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை" என்கிறார். அவர் பாடு உண்மை. ஆனால் கீழே ஃபெயிலாகியிருந்தால் அந்தப் பிள்ளை அவர் வகுப்புவரை வந்திருக்காது, வேனில் போயிருக்கும். அவர் கேட்க வேண்டியது, நாலாம் வகுப்பிலேயே இவனுக்குப் படிக்க வரவில்லை என்று பதிவேட்டில் இருந்ததே, அந்தப் பதிவு ஐந்து வருஷமாக யார் கையில் இருந்தது என்று. 6 முதல் 9 வரை அடிப்படை வராத பிள்ளைகளைத் தனியே எடுத்துச் சொல்லிக்கொடுக்க 'திறன்' என்ற திட்டத்தை 2025-26-ல்தான் தொடங்கியிருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் வருவதற்கு முன் தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் போனவர்களுக்கு அது தாமதம்தான்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் போன வாரம் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து, விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டிருந்தான். 62-லிருந்து 27 போகணும். ஒரு கட்டை அவிழ்த்து இரண்டோடு சேர்த்தான். பன்னிரண்டில் ஏழை எடுத்தான். ஐந்து. பிறகு அவிழ்த்த கட்டை மறந்துவிட்டு ஆறிலிருந்து இரண்டைக் கழித்து 45 என்றான். அவன் அம்மா படியைத் தாண்டும்போது எட்டிப் பார்த்து, "சரியா சார்?" என்றார். பத்துக்கட்டு எத்தனை மிச்சமிருக்கு, எண்ணிப் பார் என்றேன். எண்ணத் தொடங்கினான்.